கோயில் கோயிலாகக் கிள்ளானுக்கு

கோலாலம்பூரில் சைக்கிள் மிதிக்கிறவனைப் பார்த்தால் மக்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஒன்று, அவனுக்குக் கார் வாங்க வசதியில்லை. அல்லது, அவன் வீட்டு வாசலில் ஏற்கெனவே இரண்டு கார் நிற்கிறது. நான் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க யாரும் சிரமப்பட்டதில்லை. என் செருப்பைப் பார்த்தாலே போதும்.

செமினிப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது நான் இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் போன இடத்திலிருந்து பள்ளிக்கூடம் தூரம். நான் போகவில்லை, யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. பிறகு லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற ஆளாக, கொஞ்ச காலம். கார் கழுவும் கடையில் கொஞ்ச காலம். அங்கேயே பின்னால் ஓர் அறையில் படுக்கை. துணியெல்லாம் சவர்க்கார வாசனை அடிக்கும். அந்த நாளில் நான் மிகவும் சுத்தமானவன் என்று பேர் வாங்கியிருந்தேன். பிறகு பங்சாரில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக்குக் காவல். இப்போது மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் மூட்டை இறக்குகிறேன். முதலாளி நல்லவர். ஆனாலும் ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அந்த அரிப்புக்குத்தான் சைக்கிள்.

என்னுடையது பழைய மலைச் சைக்கிள். பங்சாரில் ஓர் உணவகத்தில் வேலை செய்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன், வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் விட்டுப் போனான். நான் அதில் வேலைக்குப் போகப்போவதில்லை, சும்மா சுற்றப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

“எங்க ஊர்ல சைக்கிள்ல போறவன் எப்படியாச்சும் ஒரு பைக் வாங்கிரணும்னு கெடந்து அல்லாடுறான்ணே. இங்க என்னடான்னா பைக் வாங்க முடிஞ்சவங்க சைக்கிளுக்கு அலையிறீங்க. இந்த ஊரு தண்ணியில ஏதோ இருக்குண்ணே” என்றான்.

சைக்கிள் கைக்கு வந்த சமயம் எனக்கு வேலை இல்லை. கோலாலம்பூரை நான் நன்றாகப் பார்த்தது அந்த மாதங்களில்தான். வீட்டில் சும்மா இருந்தால் பசிக்கும். மிதித்துக்கொண்டே இருந்தால் பசி பின்னால் துரத்திக்கொண்டு வரும். நம்மைப் பிடிக்க அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். கிள்ளான் ஆற்றங்கரையில், ரயில் பாலத் தூண்களுக்கு அடியில், உடும்புகள் வெயில் காயும் சிமெண்டுப் பாதையை அப்போதுதான் கண்டுபிடித்தேன். புக்கிட் கியாராக் காட்டுப் பாதையில் மரவேர்கள் மேல் விழுந்து எழுந்தேன். செமினிப் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் சாலைகளில் நாய்களோடு பந்தயம் விட்டேன். பெரும்பாலும் நாய்கள் ஜெயித்தன. நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையின் இடத்தில் இப்போது ஒரு காவல் கூண்டும் தடுப்புக் கம்பமும் இருக்கின்றன. எங்கே போகிறாய் என்று நேப்பாளக் காவலர் கேட்டார். பிறந்த இடத்துக்கு என்றேன். வீட்டு எண் என்ன என்று கேட்டார். நானும் காவல் வேலை பார்த்தவன். அவர் கேட்டது சரிதான் என்பதால் திரும்பி வந்துவிட்டேன்.

இப்படித் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கூட்டாளி வாய்த்தார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்குக் கீழ் மாடியில் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. மின்தூக்கி பழுதான நாள்களில் படிக்கட்டில் மூச்சு வாங்கியபடி பழகிய பழக்கம்தான். அண்ணி பல வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு மருத்துவமனையிலிருந்துதான், வீட்டில் பணி தொடர்கிறது.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தேறி வீட்டுக்கு வந்தவரை டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். அண்ணி அதை நடைப்பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். அண்ணன் சைக்கிள் என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் எதை நினைத்துச் சொன்னார் என்பது அந்த வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு.

அவர் வாங்கியது மெல்லிய டயர் வைத்த நீலச் சைக்கிள். அதோடு தலைக்கவசம், கையுறை, உடம்போடு ஒட்டிய கால்சட்டை. அந்தக் கால்சட்டையைப் பார்த்த அன்று அண்ணி கதவைச் சாத்திவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்கும்படி அதோடு வெளியே போகக்கூடாது என்று தடை. அதனால் அண்ணன் மேலே ஒரு கைலியைக் கட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, சந்து முனை வரை சைக்கிளைத் தள்ளிப்போய், அங்கே கைலியை அவிழ்த்து மடித்து முதுகுப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவார்.

ஓட்டுவதும் பஸ் ஓட்டுவது போலத்தான். திருப்பங்களில், பின்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல, அகலமாக வளைத்துத் திருப்புவார். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்ப மாட்டார். தலையைத் திருப்பி ஒரு முறை பின்னால் பார்ப்பார். எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்று பார்க்கிறார் என்று நான் சொல்லி, அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் ஆற்றங்கரையில் தண்ணீர் குடிக்க நின்றபோது, எதற்கு இவ்வளவு பாடு, அண்ணி சொல்வது போல் வீட்டுக்குப் பக்கத்துத் திடலைச் சுற்றி நடந்தால் என்ன என்று கேட்டேன்.

“என்னைய கண்ணாடி கிளாஸ் மாதிரி தூக்கித் தூக்கி வைக்கிறாங்கடா” என்றார். “படி ஏறுனா ஒருத்தன் கைய புடிக்கிறான். சாமான் தூக்குனா ஒருத்தி ஓடி வந்து புடுங்குறா. நடக்கப் போனா அவ பக்கத்துலயே வரா. இது மேல ஏறுனாதான் யாரும் புடிக்க முடியல.”

நான் பாட்டிலை மூடிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

அவர் திடலைச் சுற்றித்தான் ஓட்டுகிறார் என்று அண்ணி நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு கெடுத்தது. பத்துமலை வாசலில் அண்ணன் சைக்கிளோடு, கைலி இல்லாமல், சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை யாரோ அனுப்பிவிட்டார்கள். கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அன்று மாலை எனக்கும் அழைப்பு வந்தது.

“நீயும் உக்காரு தம்பி. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்” என்றார் அண்ணி. கத்தவில்லை. கத்தாத தாதிகளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாரு. லோரிக்கு முன்னால போய் விழச் சொல்லல. சரி. ஓட்டியே ஆவணும்னா ஓட்டுங்க. ஞாயித்துக்கெழம இங்கேருந்து கிள்ளான் வரைக்கும். நான் பின்னாலயே கார்ல வரேன். முடியலன்னு ஒரே ஒரு வாட்டி கார்ல ஏறுனீங்கன்னா, சைக்கிள் செமினிக்குப் போவுது, உங்க தம்பி மவனுக்கு. ஏறாம போய்ச் சேந்துட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“வாயே தொறக்க மாட்டியா?” அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

“சைக்கிளப் பத்தி.”

முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிள்ளானை ஏன் சொன்னார் என்றால், அது அண்ணி பிறந்த ஊர். புருஷன் தோற்றாலும் ஜெயித்தாலும் அங்கே ஒரு வேளை நல்ல சாப்பாடு நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். முன்னால் அண்ணன், பின்னால் நான், எனக்குப் பின்னால் அண்ணியின் வெள்ளைக் கார், இரண்டு பக்க விளக்கும் சிமிட்டிக்கொண்டு. பழைய கிள்ளான் சாலையில் பசியாறப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சவ ஊர்வலமா, கல்யாண ஊர்வலமா என்று அவர்களுக்கு முடிவு கட்ட முடியவில்லை. காருக்குப் பின்னால் வந்த ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். அண்ணி கண்ணாடியை இறக்கி அவருக்கு ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை.

முதல் ஏற்றம் முடிந்ததும் அண்ணன் கையை நீட்டிச் சைகை காட்டி, பஸ் போல அகலமாக வளைத்து, ஒரு பிள்ளையார் கோயிலுக்குள் திருப்பினார்.

“என்னண்ணே?”

“மொத மொத தூரமா போறோம். கும்புட்டுட்டுப் போவ வேணாமா?”

பையிலிருந்து கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கத்தோலிக்கன். வாசலில் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணியும் காரை நிறுத்திவிட்டுப் போய்க் கும்பிட்டுவிட்டு உடனே வந்துவிட்டார். அண்ணன் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தூணில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கோயிலில் கும்பிட்டால் உடனே எழுந்து வந்துவிடக்கூடாது, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை அன்றைக்கு அவர் அளவுக்கு அனுபவித்துக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்க முடியாது.

இரண்டாவது, ஒரு மாரியம்மன் கோயில். இன்னும் நீண்ட உட்காரல். மூன்றாவது, முருகன். அங்கே ஏதோ விசேஷம், வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அண்ணன் அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது அண்ணி கையைப் பிடித்துவிட்டார்.

“சக்கர வியாதி இருக்கு ஒங்களுக்கு.”

“பிரசாதத்த வேணாம்னு சொல்லக்கூடாதுலா.”

“வேணாம்னு யாரு சொன்னா? தம்பி சாப்புடுவான்.”

“அவன் சர்ச்சுக்காரன்.”

“பசிக்கு ஏதுங்க சர்ச்சு. இந்தா தம்பி.”

நான் சாப்பிட்டேன். முந்திரி தாராளமாக இருந்தது. அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மறுபடி போய்த் தூணடியில் உட்கார்ந்ததும் அண்ணி காரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: “இவருக்கு எப்பலேருந்து இவ்ளோ பக்தி? கல்யாணத்தன்னிக்கே ஐயர் மூணு வாட்டி சொன்னப்பறம்தான் கைய கூப்புனாரு.”

எல்லாம் தெரிந்துதான் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் சாமி கும்பிடப் போகாதே என்று எந்தப் பெண்சாதி சொல்வாள்? காரில் ஏறினால்தான் தோல்வி. கோயிலில் ஏறினால் புண்ணியம். அண்ணன் அதை வீட்டிலேயே யோசித்துவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்காரருக்கு எந்தச் சாலையில் எந்தக் கோயில் என்று மனப்பாடம்.

ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் அவர் திட்டத்தில் ஓட்டை விழுந்தது. அங்கே மோட்டார் சைக்கிள்களுக்கு என்று ஓரமாகத் தனித் தடம் இருக்கிறது. சைக்கிள்காரர்கள் நாங்களும் அதில்தான் ஒட்டிக்கொண்டு போவோம். கார் அதற்குள் வர முடியாது. ஷா ஆலம் தாண்டி வெளியே வரும் இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லி அண்ணி முன்னால் போய்விட்டார். தடத்தில் கோயில் கிடையாது. தூணும் கிடையாது. இரண்டு பக்கமும் சுவர், அவ்வப்போது ஒரு சுரங்கம், காதோரமாகச் சீறிக்கொண்டு போகிற மோட்டார்கள். வெயிலும் ஏறிவிட்டது.

“டேய், இந்தப் பக்கம் எதாச்சும் கோயில் இருக்கா?”

“மோட்டார் ரோட்டுல எங்கண்ணே கோயிலு?”

கொஞ்ச தூரம் மிதித்தோம். பிறகு, “ஒன் சர்ச்சு எதாச்சும்?”

“எதுக்குண்ணே?”

“அங்கயும் உக்கார எடம் இருக்கும்ல.”

“இருக்கும். ஆனா முட்டி போடணும். அப்பறம் எந்திரிக்கணும். திரும்ப முட்டி போடணும்.”

“அப்ப வேணாம்” என்றார்.

தடம் முடிந்து வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க உப்புக் கோடு. பெட்ரோல் நிலையத்தில் அண்ணி காத்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, நிற்காமல் எதையோ தேடிக்கொண்டே போனார். லோரிகள் நிறுத்தும் ஒரு பெரிய மைதானத்தின் ஓரத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டது. ஆலமரத்தடியில் தகரக் கூரை போட்ட சிறிய முனீஸ்வரர் கோயில். லோரிக்காரர்கள் கும்பிடுகிற சாமி. பூசை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கையை நீட்டிச் சைகை காட்டக்கூட நேரமில்லாமல் உள்ளே திருப்பிவிட்டார்.

இதுவரை நின்ற கோயில்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அங்கேயெல்லாம் சாமி பேசாது. இங்கே அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கு அருள் வந்திருந்தது. நெடுநெடு என்று உயரமானவர். வாயில் சுருட்டு, கையில் அரிவாள். வரிசையாக வருகிறவர்களுக்கு விபூதி பூசிக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் கைலியைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய், கும்பிடாமலே நேராக உட்காரும் வேலையைத் தொடங்கினார். சாமியாடியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

“எந்திரி.”

அண்ணன் எழுந்தார். நெற்றியில் தலைக்கவசம் பதிந்த கோடு. கைலிக்குக் கீழே, அவசரத்தில் கழற்ற மறந்த சைக்கிள் சப்பாத்து பளபளவென்று.

“மூச்சு வாங்க என் வாசல்தான் கெடச்சிச்சா ஒனக்கு?”

உடுக்கை நின்றுவிட்டது. அங்கே யாரும் சிரிக்கவில்லை; அருள் வந்தவர் முன்னால் சிரிக்கக்கூடாது. நான் வேலிக்கு வெளியே இருந்ததால் சைக்கிள் கைப்பிடியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராகச் சாமியாடி முன்னால் போய் நின்று கை கூப்பினார். முனீஸ்வரர் அவர் பிறந்த வீட்டுக் குலசாமி. அவர் முகத்தில் அவ்வளவு பணிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஐயா, நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. இவரு நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. இந்த சைக்கிள இவரு ஓட்டலாமா, கூடாதா?”

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. நிழலுக்காக ஒதுங்கிய இடத்தில் அவர் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கூடாது என்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், கிள்ளான் வரை போகத் தேவையே இல்லை; சைக்கிள் அங்கிருந்தே செமினிக்குத் திரும்பிவிடும்.

சாமியாடி சுருட்டை இழுத்தார். புகையை மெதுவாக விட்டார். அண்ணனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“ஓட்டட்டும். நான் கூட வரேன்.”

நெற்றி நிறைய விபூதி பூசி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கியபோது அவர் முகம் கல்யாணப் படத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. வெளியே வந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு, கைலியை மடித்துக்கொண்டே, ரொம்ப சாவகாசமாக அண்ணியிடம் சொன்னார்:

“கேட்டியா? ஐயாவே சொல்லிட்டாரு. ஒன் கேசு முடிஞ்சிச்சு. நீ வேணும்னா இப்பயே கெளம்பி ஒன் தங்கச்சி வூட்டுக்குப் போயிரு.”

“ஐயா சொன்னா சரிதான்” என்றார் அண்ணி. “ஆனா ஐயாவுக்கு இசிஜி பாக்கத் தெரியாது. நானும் வரேன்.”

“சாமி சொன்னதையே மாத்துற பாத்தியா.”

“மாத்தல. அவரு சொன்னத நான் முழுசா கேட்டேன். கூட வரேன்னாரு இல்ல? சாமியே கூட வரப்ப, அவரத் தேடிக்கிட்டு எதுக்குக் கோயில் கோயிலா எறங்கணும்? இனிமே நேரா போங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வேதம் வேறு. இந்த விவகாரத்தில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. வானத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு வந்த பாதைதான் உண்மையில் அவர் ஓட்டிய பாதை. நிழல் இல்லை. லோரிகள் கடந்து போகும்போதெல்லாம் சூடான காற்று இரண்டு பேரையும் ஓரத்துக்குத் தள்ளியது. வழியில் இரண்டு கோயில் வந்தன. அண்ணன் இரண்டு முறையும் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு கட்டத்தில் நடக்கிற ஆள் எங்களைத் தாண்டிவிடலாம் போலிருந்தது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவர் உதடு வெளுத்திருந்தது. கேலி பண்ணுகிற நேரம் அதுவல்ல.

“அண்ணே, நெஞ்சு வலிக்குதா?”

“தொடதான் வலிக்குது. நெஞ்சு எங்க இருக்குன்னே தெரியல.”

“போதும்ணே. ஏறிக்கிங்க. சைக்கிள் போனா போவட்டும்.”

“சைக்கிள் போனா போவட்டும்டா” என்றார், ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டு. “இன்னிக்கு ஏறிட்டா, அப்பறம் எல்லாத்துலயும் என்னைய ஏத்தியே விடுவாங்க. பேசாத. பேசுனா மூச்சு போவுது.”

நான் பேசாமல் அவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டினேன். அது எவ்வளவு உதவியது என்று தெரியாது. நான் ஒல்லி.

கிள்ளான் ஊருக்குள் இறங்க ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். காரில் போகிறவர்களுக்கு அது பாலம். சைக்கிளில் அது மலை. பாதி ஏற்றத்தில் அண்ணனின் சக்கரம் ஆடியது; காலை ஊன்றி இறங்கிவிட்டார். ஓரத்து நடைபாதையில் சைக்கிளை ஏற்றி, கைப்பிடியில் கவிழ்ந்து நின்றார்.

கீழே ஹாரன் கேட்டது. பிறகு நின்றது. கடைவரிசை முன்னால் காரை நிறுத்திவிட்டு அண்ணி நடந்து மேலே வந்தார். குடை, தண்ணீர்ப் பாட்டில், கைப்பை எல்லாவற்றோடும்.

“எறங்கிட்டீங்க.”

“கார்ல ஏறுனாத்தான் தோல்வின்ன. நடந்தா தோல்வின்னு சொல்லவே இல்ல” என்றார் அண்ணன். நிமிராமலே சொன்னார்.

அண்ணி குடையை விரித்து என் கையில் கொடுத்து, அண்ணன் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னார். அண்ணனின் கையுறையைக் கழற்றி, மணிக்கட்டில் விரல் வைத்து, தன் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய லோரி ஒன்று போனது, பாலம் நடுங்கியது. அண்ணி கண்ணை எடுக்கவில்லை. கீழே ஆறு காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. கோயிலில் சுருட்டுக்காரர் புகை விட்ட நேரத்தைவிட நீளம். அண்ணன் கையைப் பிடுங்கவில்லை. தீர்ப்பு அந்த விரல்களில்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

அண்ணி விரலை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டுமென்றே மறுபடி ஒரு முறை நாடி பார்த்தார். பிறகு கையுறையை அவர் கையில் கொடுத்தார்.

“நேத்து டிவில பந்தாட்டம் பாத்தப்ப நாடி இதவிட வேகமா ஓடுச்சு” என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார்.

“அப்படின்னா?”

“அப்படின்னா பந்து பாக்கறத நிறுத்துங்க.”

“சைக்கிளு?”

அண்ணி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். “மேல வரைக்கும் தள்ளுங்க. அவசரம் இல்ல. அப்பறம் எறக்கம்தான். ஏறி ஓட்டுங்க. நான் காரெடுத்துட்டு வரேன்.”

அவர் குடையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இரண்டு முறையும் அண்ணன் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். உச்சிக்கு வந்ததும் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். இறக்கத்தில் அவர் பிரேக் பிடிக்கவே இல்லை. என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஊருக்குள் முதல் சிக்னலில்தான் பிடித்தேன். பச்சை விழுந்தது. அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்.

சின்ன இந்தியாக் கடைத்தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். அண்ணி தோசை, அண்ணன் தோசை, நான் தோசை முடித்து இடியப்பம். அண்ணன் கேசரியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தார். அவர் சீனி இல்லாமல் தேத்தண்ணி சொன்னார்.

“அடுத்த வாரம் நான் வரல” என்றார் அண்ணி, விரலைக் கழுவிக்கொண்டு வந்து. “மாட்டு வண்டி கணக்கா கார் ஓட்டி இடுப்பு போயிருச்சு. போற எடத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க. மருந்து பையில இருக்கணும். போன் எடுக்கணும்.”

இதற்காகத்தான் மனிதர் காலையிலிருந்து உயிரைக் கொடுத்தார். கேட்டதும் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோசைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“அப்ப தண்ணி யாரு கொண்டு வருவா?”

“சைக்கிள்ல மாட்டியிருக்கற போத்தல் என்ன அழகுக்கா?”

சாப்பிட்டு வெளியே வந்தோம். அண்ணன் தன் சைக்கிளையும் வந்த சாலையையும் ஒரு முறை பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

“இப்ப ஏறுனா கணக்குல சேருமா?”

“கிள்ளான் வந்தாச்சில்ல. ஏறுங்க” என்று அண்ணி சைக்கிளுக்காகப் பின்கதவைத் திறந்தார். நான் நீலச் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, இருக்கையை மடக்கி உள்ளே படுக்க வைத்தேன். அண்ணன் முன் இருக்கையில் சாய்ந்து, கைலியைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிவிட்டார்.

“ஒன் சைக்கிளும் கொள்ளும்னா ஏறிக்க தம்பி.”

“இல்ல அண்ணி. இவ்ளோ தூரம் வந்தாச்சு. துறைமுகம் வரைக்கும் போய்ட்டு வரேன்.”

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். “அங்க என்னடா இருக்கு?”

“தெரியலண்ணே. சைக்கிள்ல போனதில்ல.”

அவர் கை கைலிக்கு உள்ளிருந்து வெளியே வந்து கதவின் பிடியைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. தன் தொடையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கடைசியில் மெதுவாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“அடுத்த வாரம்” என்றார் அண்ணன், என்னிடம்.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் காரைக் கிளப்பினார்.